உருளையின் தோள்

மார்ச் 3, செவ்வாய்

ஞாயிறு படத்தில் இரண்டு கட்டம் முடிந்தது. மூன்றாவது வர மாட்டேன் என்கிறது. முதல் கட்டத்தில் குழாய் ஒழுகுகிறது. இரண்டாவதில் மனைவி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்: "மூணு வாரமா சொல்றேன். கீழ வச்ச வாளியும் நிரம்பிப் போச்சு. என்னதான் பண்ணப் போறீங்க?" மூன்றாவதில் உருளை ஏதாவது சொல்ல வேண்டும். காலையிலிருந்து நான் எழுதி அடித்த பதில்களைப் படித்தால் உருளைக்கே தூக்கம் வரும்.

இவர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு, இன்னொன்றைத் தேடிக்கொண்டு என் மேஜைப் பக்கம் வந்தார். படத்தை எட்டிப் பார்த்தார். "பெரிய வாளியா ஒண்ணு வாங்கிட்டு வரேன்னு சொல்லச் சொல்லு" என்றார். சாக்ஸ் என் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். எழுதினேன், மை போட்டேன், முடிந்தது. வாசலிலிருந்து குரல்: "என்ன, இன்னைக்கும் என்னை வித்தாச்சா?"

"வித்தா மட்டும் யாரு வாங்குவா?" என்றேன்.

பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் நான் வரைந்து இருபது வருஷமாக வரும் உருளை இவர்தான் என்று, இவர் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். 'மேல போறவன் கீழ வந்துதான் ஆகணும், அதை நம்பித்தான் என் பொழப்பு' என்று உருளை ஒரு தடவை சொன்னதை அங்கே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். தொப்பையும் மூக்கும் என் கைவண்ணம். வாய் இவருடையது.

இதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கான படங்கள் பத்திரிகையில் கையிருப்பு. நாளைக்கே எனக்குக் காய்ச்சல் வந்தாலும் உருளைக்கு ஒன்றும் ஆகாது. நிம்மதியாகத் தூங்கலாம்.

மார்ச் 12, வியாழன்

காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே விழுந்தார். ஆஸ்பத்திரி. வலது பக்கம் அசையவில்லை. பேச்சு இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

மறந்தே போனேன். இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதையும், கையிருப்பில் எந்தப் படம் இருக்கிறது என்பதையும்.

நர்ஸ்கள் உட்காரும் மேஜையில் பேப்பர் விரித்துக் கிடந்தது. இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எட்டிப் பார்த்தேன். உருளை கழுத்து வரை போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறான். மனைவி: "பரணைச் சுத்தம் பண்ணணும்னு சொன்னதும் உடம்பு சரியில்லையா? டாக்டரைக் கூப்பிடவா?" உருளை: "முதல்ல பரணுக்கு ஆளைக் கூப்பிடு. அது முடியற வரைக்கும் உயிரோட இருக்க முயற்சி பண்றேன்."

ஜனவரியில் வரைந்தது. பரணைச் சுத்தம் செய்யச் சொன்னபோது இவர் நிஜமாகவே சொன்ன பதில். பத்தடி தள்ளி இவர் மூக்கில் குழாயோடு கிடக்கிறார்.

"நீங்களும் படிப்பீங்களா மேடம்? செம ஆளு இவன்" என்றாள் அந்தப் பெண். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 27, வெள்ளி

புதன்கிழமையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மகள் வெளியூரிலிருந்து வந்து கூட இருக்கிறாள், திங்கட்கிழமை திரும்ப வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதுதான் பெரும்பாடு. நான் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுக்கிறேன், அவள் பின்னாலிருந்து தள்ளுகிறாள். இரண்டு நாளில் எனக்குப் பழகிவிட்டது, தனியாகவே தூக்கிவிடுவேன்.

மத்தியானம் தட்டை எடுத்து வந்து, "சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். வாயைக் கோணி, கண்ணை இடுக்கி, பெரும் பிரயத்தனம் பண்ணி, தெளிவாகச் சொன்னார்: "நாளைக்கு."

பதினைந்து நாள் கழித்து முதல் வார்த்தை! மகள் அழுதுவிட்டாள். நான் தட்டோடு திரும்பினேன். மறுபடியும், "நாளைக்கு! நாளைக்கு!" கண் தட்டைவிட்டு நகரவில்லை. பசி. சொல்ல வந்தது வேறு, வந்து விழுந்தது இது. தண்ணீர் கேட்டாலும் நாளைக்கு, பாத்ரூமுக்கும் நாளைக்கு, மகள் பெயருக்கும் நாளைக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. எந்த வேலை சொன்னாலும் நாளைக்கு நாளைக்கு என்று இருபத்தாறு வருஷம் ஓட்டிய மனுஷனிடம், மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல்தானா? மகள் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

ஏப்ரல் 4, சனி

பேச்சுப் பயிற்சி தரும் பெண் இன்று முதல் தடவையாக வந்தாள். சின்ன வயசு, பொறுமைசாலி. ஸ்பூன் படத்தைக் காட்டி, "இது என்ன சார்?" என்றாள். நாளைக்கு. நாற்காலி. நாளைக்கு. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "அவருக்கு நாம பேசறது எல்லாம் புரியுதுக்கா. வார்த்தைதான் சிக்கிக்கிச்சு. வரலாம், வராமலும் போகலாம். எதுக்கும் மனசைத் தேத்திக்குங்க."

எதுக்கும் என்றால்?

ஏப்ரல் 9, வியாழன்

கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. இன்று மேஜைக்குப் போனேன். முதல் கட்டம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் உருளை வாயைத் திறந்தபடி நிற்கிறான். மத்தியானம் வரை நின்றான்.

பழைய கட்டுகளை இறக்கிப் புரட்டினேன். ஒவ்வொரு மூன்றாவது கட்டத்தையும் பார்த்து, இது யார் சொன்னது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பல் துலக்கும்போது இவர். பஸ்ஸில் நின்றுகொண்டு இவர். மகளின் ஸ்கூலில், டீச்சர் முன்னால், நான் காலை மிதித்தும் கேட்காமல் இவர். எனக்கு 'நகைச்சுவை உணர்வு மிக்க பெண்மணி' என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இருபது வருஷம் பரிமாறியிருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. இவர் பேசவில்லை என்றால் உருளை பேசமாட்டான். உருளை பேசாவிட்டால் நான் யார்? மூக்கும் தொப்பையும் போடத் தெரிந்தவள், அவ்வளவுதானா?

ஏப்ரல் 10, வெள்ளி

வரையவில்லை. பென்சில்களைச் சீவினேன். எல்லாம் கூர். நான்தான் மொட்டை.

ஏப்ரல் 16, வியாழன்

இணைப்பின் ஆசிரியர் போன் செய்தார். நல்ல மாதிரிதான், என்னைவிடச் சின்னவர். "சார் எப்படி இருக்காருக்கா?" என்று பத்து நிமிஷம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். "கஷ்டமா இருந்தா கொஞ்ச நாள் பழசையே போட்டுக்கலாம். இல்லன்னா, ஒரு பையன் இருக்கான், நாயை வச்சு வரையறான். சும்மா ஒரு மாசத்துக்கு..."

"நாயா? பேசுமா?"

"இல்லக்கா. குரைக்கும், அவ்வளவுதான்."

கெட்டிக்காரப் பையன். பேசாத பிராணியாகப் பார்த்துப் பிடித்திருக்கிறான். அடுத்த வாரம் புதுசு தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

ஏப்ரல் 18, சனி

மூன்று படம் வரைந்து, இவர் முன்னால் வைத்துப் படித்துக் காட்டினேன். எல்லாம் நானே யோசித்து எழுதியவை. முதலாவதுக்கு என் முகத்தைப் பார்த்தார். இரண்டாவதுக்கு ஃபேனைப் பார்த்தார். மூன்றாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். மரியாதைக்குக்கூட ஒரு புன்சிரிப்பு இல்லை. மூன்றையும் கிழித்துப் போட்டேன், அவர் முன்னாலேயே. "உங்களுக்கென்ன, சௌக்கியமா உக்காந்துட்டீங்க. நான்ல மாட்டிக்கிட்டேன்" என்று கத்தினேன்.

சௌக்கியமா. என்ன வார்த்தை விட்டேன் பார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வந்துவிட்டது. வந்துவிட்டது!

முதல் கட்டம்: போனைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி, "ஆபீஸ்ல கேக்கறாங்க, எப்ப வேலைக்கு வரீங்களாம்?" உருளை: "நாளைக்கு." இரண்டாவது: பக்கத்து வீட்டுக்காரர், "வாங்கின ஏணியை எப்ப சார் தருவீங்க?" "நாளைக்கு." மூன்றாவது: மனைவி தட்டோடு, "சாப்பாடு ரெடி. எப்ப சாப்பிடறீங்க?" உருளை: "நா—" கண் பிதுங்குகிறது. நெற்றியில் வேர்வை.

இவரைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். இப்போது இவர் உட்காரும் விதமே தனி. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தோளை ஒரு பக்கமாகச் சரித்துக்கொண்டு, பட்டம் பறிபோன ராஜா மாதிரி. அந்தச் சரிவுதான் சிரிப்பையே கொண்டுவருகிறது. தோள் நேராக இருந்தால் படத்தில் பாதி போய்விடும். நாலு தடவை அழித்து, சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: சந்தோஷமாக இருந்தது. உடம்பெல்லாம் லேசாகி, பசி தெரியாமல், எதையோ முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல் நான் எழுதிய முதல் மூன்றாவது கட்டம். இவரிடம் மட்டும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை?

ஏப்ரல் 22, புதன்

அனுப்பிவிட்டேன். பதில் உடனே வந்தது. "இத்தனை வருஷத்துல இதுதான்க்கா டாப்!"

ஏப்ரல் 25, சனி

மகள் வந்திருக்கிறாள். பையைக்கூட இறக்காமல் அப்பாவிடம் போனாள், அவர் நாளைக்கு நாளைக்கு என்று அவள் கன்னத்தைத் தடவினார். அப்புறம் என் மேஜையில் எதையோ தேடப் போய், அந்தப் படத்தின் பென்சில் பிரதியைப் பார்த்துவிட்டாள்.

"இது என்னம்மா?"

"படம்."

"அப்பாவுக்கு வாய் போயிருச்சு. அது உனக்கு ஜோக்கா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்கப்பாவே கேட்டா சிரிப்பாரு" என்றேன்.

"கேட்டியா அவர்கிட்ட? காட்டினியா?" நான் பிரதியைக் கவிழ்த்து வைத்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "வேணாம்மா. நிறுத்தச் சொல்லு. ஒரு போன்தானே."

ஒரு போன்தான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். நிறுத்தினால் அந்த இடத்தில் நாய் வந்து உட்காரும், அதற்குப் பயந்தா? இல்லை. நாய் வரட்டும், போகட்டும். விஷயம் அது இல்லை. அது நல்ல படம். நல்ல படம் என்று எனக்குத் தெரியும். எனக்கென்று இருக்கும் ஒரே ஒரு நல்ல படம். அதைக் கொல்ல மனசு வரவில்லை. மகள் என்னோடு பேசாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

மே 3, ஞாயிறு

வந்தது. காலையிலிருந்து போன். வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். இவருடைய கம்பெனியிலிருந்தும் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணன் தேறிட்டாரா? பழைய ஃபார்முக்கு வந்துட்டாரே!" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பேப்பரை இவர் மடியில் விரித்தேன். மூன்று கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் ரொம்ப நேரம். அப்புறம் இடது கையால் பேப்பரைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் மெத்தை விளம்பரம்.

மத்தியானமெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று ஒரே சத்தம். தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அதட்டுகிற மாதிரி ஒரு புதுத் தொனி. இதுவரை கேட்டதில்லை. எங்கே படம் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அந்த முகத்தைச் சீக்கிரமாக வரைந்தும் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரத்துக்கு ஆகும்.

மே 5, செவ்வாய்

பேச்சுப் பயிற்சிப் பெண் வந்தாள். வந்தவள் வழக்கம்போல அட்டைகளை எடுக்கவில்லை. "படம் பார்த்தேன்க்கா. ஒண்ணு கேக்கலாமா? மூணு கட்டத்துலயும் ஏன் தோளைப் பிடிச்சுக்கிட்டே இருக்காரு?"

"அது ஒரு தோரணை. இப்பல்லாம் இவரு அப்படித்தானே உக்காந்திருக்காரு. பார்த்துதான் போட்டேன்."

"தோள் இவ்வளவு கீழ இறங்கியிருக்கே. அதுவும் பார்த்துப் போட்டதுதானா?"

ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் எப்போதும் வருகிற சமயத்தில் இவர் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்று அவள் போர்வையை விலக்கி, சட்டைப் பொத்தானைக் கழற்றி, தோளில் விரலை வைத்தாள். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே அவள் விரல் உள்ளே இறங்கியது. இவர் "நாளைக்கு!" என்று அலறினார். ஞாயிற்றுக்கிழமை நான் வரைந்து வைத்த அதே முகம்.

"தோள் மூட்டு நழுவியிருக்குக்கா. இதைத்தான் இவரு சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு" என்றாள். என்னைத் திட்டக்கூட இல்லை.

மே 6, புதன்

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். அவருடைய படத்திலும் தோள் அங்கேதான் இருந்தது, நான் போட்ட இடத்தில். "செயலிழந்த கை. வெறும் தசைதான் தாங்கிப் பிடிச்சிருக்கும். கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்கினீங்களா?" என்று கேட்டார்.

தினம் நாலு தடவை. ஒரு மாசத்துக்கும் மேல்.

"ரொம்ப வலிச்சிருக்குமே. இவ்வளவு நாள் ஒண்ணுமே சொல்லலையா?"

சொன்னார் டாக்டர். நான் அதை வரைந்தேன்.

மே 7, வியாழன்

பார்த்தேனே. பார்த்துக்கிட்டேதானே இருந்தேன். நாலு தடவ அழிச்சு அழிச்சு சரியா அந்த எடத்துல கொண்டுவந்து நிறுத்துனேனே பாவி. தோள் நேரா இருந்தா சிரிப்பு வராதுன்னு எழுதி வேற வச்சிருக்கேன். என்ன கண்ணு இது. கொள்ளிக் கண்ணு. மனுஷன் வலியில துடிக்கிறான், இவளுக்கு அடுத்த வாரத்துக்கு மூஞ்சி கெடச்சுதாம்.

மே 15, வெள்ளி

தோளுக்குப் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தூக்குவதற்கு வேறு முறை சொல்லிக் கொடுத்தார்கள். இடுப்பில் பட்டைத் துணி கட்டி, அதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். வலி குறைய மாசக்கணக்கில் ஆகுமாம். முழுசாகப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. பேச்சைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார்.

ஆனால் இரண்டாவது வார்த்தை வந்துவிட்டது. பயிற்சிப் பெண் மற்ற அட்டைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, பத்து நாளாக அதை மட்டும் சொல்லிக் கொடுத்தாள். இன்று காலை நான் போர்வையைச் சரி செய்யும்போது என்னை நிறுத்தி, உதட்டைக் குவித்து, விரித்துச் சொன்னார்: "வலி."

அடுத்த படம் கேட்டு ஆசிரியர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். 'நாளைக்கு' உருளைக்கு அவ்வளவு கிராக்கியாம். இனி அது வராது என்று சொன்னேன். "ஏன்க்கா, இப்பத்தானே சூடு பிடிச்சிருக்கு?" என்றார். சூடு பட்டது எனக்குத்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்ல?

இதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய்க்காரி. அந்த இரண்டாவது வார்த்தையைக் கேட்டதும், கண்ணீர் வருவதற்கு முன்னால், மனசின் ஓரத்தில் எதுவோ முகம் சுளித்தது. 'நாளைக்கு' மட்டும் இருந்தவரை படத்துக்கு நன்றாக இருந்ததே என்று. ஒரு நொடிதான். ஆனால் இருந்தது.

மே 19, செவ்வாய்

மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன், தோள், டாக்டர், நான் இழுத்தது. "வரைஞ்சதுக்குப் பதிலா ஒரு தடவை கேட்டிருக்கலாமேம்மா" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள், அதனால் திட்டியதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நாய் குரைக்கிறது. நன்றாகத்தான் வரைகிறான் அந்தப் பையன்.

மே 28, வியாழன்

மேஜையின் மேல் இவருடைய மருந்துகள். உட்கார்ந்தால் பென்சிலைத் தொடப் பயம். எடுத்தால் இவரைப் பார்ப்பேன். பார்த்தால் மறுபடியும் அப்படித்தான் பார்ப்பேன்.

இவர் நாற்காலியிலிருந்து மேஜையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். தாடையால் மேஜையைக் காட்டுகிறார். "நாளைக்கு" என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஜூன் 2, செவ்வாய்

மருந்துகளை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் கட்டத்தில் உருளை நாற்காலியில், தோளைப் பிடித்துக்கொண்டு, வாய் பிளந்து அலறுகிறான். எதிரே மனைவி படம் வரைகிறாள். இருபது வருஷத்தில் அவள் கையில் நான் பென்சிலைக் கொடுத்ததே இல்லை. கரண்டி, துடைப்பம், வாளி, இவைதான். இரண்டாவது கட்டத்தில் ஒற்றைக் கண்ணை மூடி, பென்சிலை நீட்டி அளவு பார்க்கிறாள்: "அசையாதீங்க. வலிக்கிற மாதிரியே என்னமா நடிக்கிறீங்க!" மூன்றாவதில் உருளையை ஸ்ட்ரெச்சரில் வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பின்னாலேயே பலகையும் கையுமாக அவள் ஓடுகிறாள்: "கொஞ்சம் நில்லுங்க, இன்னும் காது போடல!"

கடைசி வரி வந்தபோது போன தடவை வந்த சந்தோஷம் வரவில்லை. ஆனால் கை நிற்கவில்லை, ஒரு இடத்திலும் அழிக்கவில்லை. உருளை இதில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை மை போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன்.

இந்தத் தடவை முதலில் இவரிடம்தான் கொண்டுபோனேன். முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, பலகையை இவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். "பிடிக்கலன்னா இங்கயே கிழிச்சிடறேன்" என்றேன். முதல் கட்டத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், முகத்தில் ஒன்றுமில்லை. மூன்றாவதுக்குப் போனார்.

முதலில் தொண்டையில் ஏதோ சிக்கியது என்று நினைத்து எழுந்தேன். வாயின் இடது பாதி மேலே போனது, வலது பாதி அப்படியே நின்றது, சத்தம் வெடித்தது. மார்ச்சுக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. சிரிக்கச் சிரிக்க உடம்பு குலுங்கியது, தோளும் குலுங்கியது. "வலி" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார், மறுபடியும் சிரித்தார், "வலி, வலி" என்று கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார்.

"போதும்ங்க. சிரிக்காதீங்க, போதும்" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே? பலகையைக் கீழே போட்டுவிட்டு, அவர் சிரித்து முடிக்கும்வரை அந்தத் தோளைக் கீழிருந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.